நமக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பது?

தலைப்பு: சொந்தத் தொழில் செய்பவர், ஓய்வு முடிந்து மறுபடியும் வேலைக்குத் திரும்பும் நாளைச் சொல்ல வேண்டியது - உடம்பா? கல்லாப்பெட்டியா?

'உடம்பே!' என்ற அணியில், மதுரையைச் சேர்ந்த பெண் தையல் கலைஞர் ஒருவர் பேசியது:



எனக்கு முன்னால் பேசிட்டுப் போன எதிரணி அண்ணன் மளிகைக் கடை வச்சிருக்கார். "பத்து நாள் கடையைச் சாத்தினா, பதினோராவது நாள் வாடிக்கைக்காரன் நம்ம முகத்தையே மறந்துடுவான். உடம்பைக் கேட்டா கடை திறக்கிறது? கல்லா கூப்பிடும்போது திறக்கணும்!" அப்படின்னு கர்ஜனை பண்ணிட்டுப் போனார். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனா நான் ஒண்ணு கவனிச்சேன். பேசி முடிக்கிறதுக்குள்ள அண்ணன் ரெண்டு தடவை இடுப்பைப் பிடிச்சுக்கிட்டார். (சிரிப்பு) அண்ணனோட வாய் கல்லா அணி. அண்ணனோட இடுப்பு எங்க அணி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன நடக்குது? டாக்டர்கிட்ட போறார். லீவு லெட்டர் எழுதறார். குணமானதும் டாக்டர் 'இவர் வேலைக்குத் திரும்பத் தகுதியாக இருக்கிறார்' என்று ஒரு பிட்னஸ் சர்டிபிகேட் கொடுக்கிறார். அதை மேனேஜர் மேசையில் வச்சால்தான் உள்ளே விடுவாங்க. அதாவது, 'நீ வரலாம்' என்று சொல்ல ஒருத்தர், 'நீ இன்னும் வராதே' என்று தடுக்க ஒருத்தர் இருக்காங்க.

சட்டமும் அவங்களுக்குத் துணையா நிக்குது. 1948-லேயே தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சட்டம் வந்தாச்சு. அந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருக்கிறவர் நோயில் படுத்தால், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிரசவ விடுப்பு? 1961-இல் வந்த சட்டத்தில் 12 வாரமா இருந்ததை 2017-இல் 26 வாரமா உயர்த்தினாங்க. சம்பளத்தோட ஆறு மாசம்! நல்ல சட்டம். கையெடுத்துக் கும்பிட வேண்டிய சட்டம்.

ஆனா இதெல்லாம் யாருக்கு? தலைக்கு மேல ஒரு முதலாளி இருக்கிறவருக்கு. எனக்கு யார் முதலாளி? நான்தான். தொழிலாளி யார்? அதுவும் நான்தான். நான் லீவு லெட்டர் எழுதி நானே வாங்கி, நானே கிழிச்சுப் போடணும்! (சிரிப்பு) தையல்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், இட்லிக் கடை அக்கா, முடி திருத்துகிறவர், எலக்ட்ரீஷியன், டியூஷன் எடுக்கிற டீச்சர்... எங்க யாருக்கும் அந்த சர்டிபிகேட்டைக் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாததால, கொடுக்கவும் ஆள் இல்லை. அப்போ, 'நாளைக்குக் கடை திறக்கலாம்' என்று எங்களுக்குச் சொல்றது யார்?

சொல்லட்டுமா? மூணு பேர் சொல்றாங்க.

முதல் ஆள், பக்கத்து வீட்டுக்காரம்மா. பழம் வாங்கிட்டுப் பார்க்க வருவாங்க. "பார்க்க நல்லாத்தானே இருக்கே? முகம்கூடப் பளிச்சுன்னு ஆயிடுச்சே!" படுத்தே இருந்தா முகம் பளிச்சுன்னுதான் இருக்கும். நாம தைக்கிறது முகத்தாலயா? (சிரிப்பு)

ரெண்டாவது ஆள், ஏதோ ஒரு நாள் காலைப் பொழுது. ராத்திரி நல்ல தூக்கம். எழுந்திருக்கும்போது வலி இல்லை. 'அட, சரியாப் போச்சே' என்று தோணும். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் தெரியும், சரியாப் போகலைன்னு. அந்தக் காலைப் பொழுது சொன்னது ஓய்வெடுத்த உடம்போட பதில். வேலை செஞ்ச உடம்பை அது கேட்கவே இல்லை.

மூணாவது ஆள்தான் எதிரணியோட கதாநாயகன் - கல்லாப்பெட்டி. வாடகை, குழுக் கடன் தவணை, பிள்ளை பீஸ் எல்லாம் வரிசையா வந்து நிக்கும்போது கல்லா கூப்பிடும். அது கூப்பிடுறது நிஜம். ஆனா கல்லாவுக்கு எண்ண மட்டும்தான் தெரியும். உள்ளே போட்ட தையல் ஆறிடுச்சா என்று அதுக்கு எப்படித் தெரியும்? (கைதட்டல்)

இப்போ என் கதையை மூணு நிமிஷம் சொல்றேன்.

2023-ஆம் வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷன். வயிற்றைத் திறந்து செய்தது. அவசர ஆபரேஷன் இல்லை. நாள் பார்த்துக்கலாம் என்றார்கள். நான் ஆடி மாசத்தைத் தேர்ந்தெடுத்தேன். எங்க தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஜூன் மாசம் பள்ளிக்கூட யூனிபாரம். ஆவணி பிறந்தால் கல்யாண ஜாக்கெட். அதுக்குப் பிறகு தீபாவளி. நடுவில் மெஷின் கொஞ்சம் மூச்சு விடுறது ஆடியில்தான். ஜூலை கடைசியில் ஆபரேஷன் முடிஞ்சுது.

டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டரம்மா கேட்டாங்க, "என்னம்மா வேலை பார்க்கிறே?" "தையல் வேலைங்கம்மா" என்றேன். "உட்கார்ந்து செய்ற வேலைதானே? ரெண்டு மூணு வாரத்தில் மெதுவா ஆரம்பிக்கலாம்" என்றார்கள்.

நடுவர் அவர்களே, அந்த டாக்டரம்மா மேல தப்பே இல்லை. தையல் என்று சொன்னால் எல்லார் கண்ணுக்கும் தெரியறது ஒரு நாற்காலியும் ஊசியும்தான். நான் சொன்னேன், "அம்மா, என் மெஷின் கால் மெஷின். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் பெடல் மிதிக்கணும். மிதிக்கிறது காலா இருந்தாலும் இழுக்கிறது அடிவயிறு. கட்டிங் பண்ணும்போது மேசை மேல இடுப்பை மடக்கிக் குனிஞ்சு நிக்கணும். லைனிங் துணிக் கட்டை மார்க்கெட்டில் இருந்து தூக்கிட்டு வரணும். இஸ்திரிப் பெட்டி அஞ்சு கிலோ." அவங்க எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வச்சாங்க. "அப்படின்னா ஆறு வாரத்துக்குப் பெடல் கூடாது, கனம் தூக்கவே கூடாது. ஆறு வாரம் முடிஞ்சு என்னை வந்து பாரு. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்கள்.

பார்த்தீங்களா? நோயாளி அதே ஆள். ஆபரேஷனும் அதே ஆபரேஷன். தொழிலோட பேரைச் சொன்னால் மூணு வாரம். தொழிலோட அசைவைச் சொன்னால் ஆறு வாரம், அதுக்கு மேல ஒரு பரிசோதனை! (கைதட்டல்) அதனால என் முதல் கருத்து இது: டாக்டர்கிட்ட தொழிலின் பேரைச் சொல்லாதீங்க; உங்க உடம்பு அந்தத் தொழிலில் என்ன செய்யுது என்று நடிச்சுக் காட்டுங்க. ஆட்டோக்காரர் 'வண்டி ஓட்டறேன்' என்று சொன்னால் போதாது. 'காலையில் இருந்து ராத்திரி வரை குழியிலும் மேட்டிலும் குலுங்கறேன்' என்று சொல்லணும். இட்லிக் கடை அக்கா 'சமையல்' என்று சொல்லக் கூடாது. 'விடிகாலை நாலு மணிக்குக் கொதிக்கிற கொப்பரையைத் தூக்கி இறக்கறேன்' என்று சொல்லணும்.

சரி, கதைக்கு வர்றேன். நாலாவது வாரம். ஆவணி பிறந்து ரெண்டு நாள்தான் ஆகுது. ஒரு கல்யாண வீட்டு அம்மா வந்தாங்க. பொண்ணுக்கும் சொந்தக்காரங்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு லைனிங் ஜாக்கெட். ஒண்ணுக்கு 300 ரூபாய் என்றால் 3,600 ரூபாய். "நீ தைச்சால்தான் எங்களுக்குப் பொருந்தும். ஒரு நாளைக்கு ஒண்ணு தைச்சாக்கூடப் போதும்" என்று சொல்லிப் பாதிப் பணத்தைக் கையில் திணிக்கிறாங்க. அந்த மாச வாடகை என் வீட்டில் இன்னும் எடுத்து வைக்கலை. அந்த நிமிஷம் என் கல்லாப்பெட்டி பேசலை நடுவர் அவர்களே, கதறிச்சு!

உள்ளறையில் இருந்து எங்க அம்மா எழுந்து வந்தாங்க. எங்க அம்மாவும் தையல்காரங்கதான். எனக்குக் கத்திரிக்கோல் பிடிக்கக் கத்துக்கொடுத்தவங்க. அவங்க அந்தப் பணத்தை என் கையில் இருந்து எடுத்து, அந்த அம்மா கையிலேயே திரும்பக் கொடுத்துட்டுச் சொன்னாங்க: "இவ பொறந்த பன்னிரண்டாம் நாள் நான் மெஷின்ல உட்கார்ந்தேன். பொங்கல் துணி நின்னுடுமேன்னு உட்கார்ந்தேன். அப்போ சம்பாதிச்சது எவ்வளவுன்னு இப்போ ஞாபகம்கூட இல்லை. அன்னிக்குப் பிடிச்ச வலி மட்டும் ஞாபகம் இருக்கு."

(அரங்கில் அமைதி)

இங்கே தாய்மார்கள் இருக்கீங்க, உங்களுக்குப் புரியும். எங்க அம்மாவுக்கு அடி இறங்கிப் போச்சு. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, துணியைக் கட்டிக்கிட்டே வருஷக்கணக்காப் பெடல் மிதிச்சாங்க. நாற்பத்தஞ்சு வயசில் 'இனி முடியாது' என்று மெஷினை மூடினாங்க. அந்தப் பன்னிரண்டாம் நாள்தான் முழுக் காரணம் என்று நான் இந்த மேடையில் சத்தியம் செய்ய மாட்டேன். தண்ணிக் குடமும் தூக்கினாங்க, விறகும் சுமந்தாங்க. ஆனா பச்சை உடம்போட பாரம் தூக்கினால், முக்கி வேலை செய்தால், கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கிற தசைகளுக்குக் கெடுதல் என்று டாக்டர்கள் சொல்றாங்க. ஒரு மாசத்து வருமானத்தைக் காப்பாத்தப் போய், பின்னால் பதினைந்து வருஷத்து வருமானத்தை விட்டுட்டாங்க. எதிரணி அண்ணனை நான் கேட்கிறேன்: இது கல்லா கணக்குப்படியே லாபமா? (நீண்ட கைதட்டல்)

நடுவர்: அம்மா, அந்தப் பன்னிரண்டு ஜாக்கெட் என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க.

சொல்றேங்கய்யா. அடுத்த தெருவில் எனக்கு ஒரு தோழி இருக்கா. அவளும் தையல். ஆபரேஷனுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தோம். என் அளவு நோட்டு அவ கையில் இருக்கும். என் வாடிக்கையாளருக்கு அவ தைப்பா. கூலி அவளுக்கு. ஆனா நான் கடை திறந்ததும் நோட்டு என்கிட்ட திரும்பி வரும். அவ கண் ஆபரேஷனுக்குப் படுத்தால், இதேபோல நான் அவளுக்குச் செய்யணும். பன்னிரண்டையும் அவதான் தைச்சா. 3,600 ரூபாய் எனக்குப் போனது போனதுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தக் கல்யாண வீடு என்னை விட்டுப் போகலை. தீபாவளிக்கு என்கிட்டதான் வந்தாங்க.

எதிரணி 'வாடிக்கை போயிடும், வாடிக்கை போயிடும்' என்று பயமுறுத்துது. கடை மூடியிருந்தால் மட்டும் வாடிக்கை போயிடாது. தகவலே இல்லாமல் மூடியிருந்தால் போகும். ஷட்டரில் வெறும் பூட்டு தொங்கினா 'காலி பண்ணிட்டாங்க போல' என்று அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. 'செப்டம்பர் 10-ஆம் தேதி முதல் ஆர்டர் எடுக்கப்படும். அவசரத்துக்கு இந்த முகவரி' என்று ஒரு அட்டை தொங்கினா, பாதிப் பேராவது காத்திருப்பாங்க. அந்தத் தேதியை எழுதும்போது ஒரு வாரம் தள்ளியே எழுதுங்க. சொன்ன தேதிக்கு முன்னாடி திறந்தால் சந்தோஷப்படுவாங்க. சொன்ன தேதிக்குத் திறக்கலைன்னாதான் நம்பிக்கை போகும். தையல்காரி சொன்ன தேதிக்கு எதையாவது கொடுத்திருக்காளா என்று நீங்க முணுமுணுக்கறது கேட்குது! (பலத்த சிரிப்பு)

இப்போ விஷயத்துக்கு வருவோம். சர்டிபிகேட் கொடுக்க ஆள் இல்லை என்று சொன்னேன். அப்போ அதை நாமதான் எழுதிக்கணும். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர்கிட்ட கேட்டுடணும். அதுக்கு மேல நாலு கேள்வி இருக்கு. நாலுக்கும் பதில் கிடைச்சால்தான் ஷட்டரில் கை வைக்கணும்.

முதல் கேள்வி: என் தொழிலில் இருக்கிற கஷ்டமான அசைவை நான் செய்து பார்த்தேனா? சுலபமானதைச் செய்து பார்த்துட்டு 'முடியுது' என்று சொல்லக் கூடாது. நான் ஊக்கு தைச்சுப் பார்த்தால் அது சோதனையா? பெடல்தான் சோதனை. முடி திருத்துகிறவருக்குக் கத்திரி பிடிக்கிறது சோதனை இல்லை. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கிட்டு அரை மணி நேரம் நிக்கறதுதான் சோதனை. எலக்ட்ரீஷியனுக்கு ஸ்விட்ச் மாட்டறது சோதனை இல்லை; ஏணியில் ஏறி இறங்கறதுதான் சோதனை. டாக்டர் 'செய்யலாம்' என்று சொன்ன பிறகு, வீட்டில், பணம் வாங்காத வேலையில், ஒரு மணி நேரம் செய்து பாருங்க.

ரெண்டாவது கேள்வி: மறுநாள் காலையில் உடம்பு என்ன சொன்னது? உடம்பு உடனே பதில் சொல்லாது. கடன்காரர் மாதிரி மறுநாள் காலையில்தான் வாசலுக்கு வரும். (சிரிப்பு) முதல் நாள் ஒரு மணி நேரம் செய்து, மறுநாள் கொஞ்சம் அலுப்பு மட்டும் என்றால், சரி, ஒண்ணரை மணி நேரம் பார்க்கலாம். வலி கூடியிருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளணும். காய்ச்சல், ரத்தப்போக்கு, தையல் போட்ட இடத்தில் வீக்கம், நீர் கசிவு என்று ஏதாவது இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே டாக்டர்கிட்ட போகணும். 2006-இல் நம்ம ஊரில் சிக்குன்குனியா வந்தது ஞாபகம் இருக்கா? காய்ச்சல் சில நாளில் விட்டுது. ஆனா பல பேருக்கு மூட்டு வலி மாசக்கணக்கில் விடலை. காய்ச்சல் போன நாளையே குணமான நாள் என்று நினைச்சவங்க, கத்திரிக்கோலுக்குள்ள விரலை விட முடியாமத் தவிச்சதை நான் பார்த்திருக்கேன்.

மூணாவது கேள்வி: என் உடம்பால் அடுத்தவருக்கு ஆபத்து இல்லையே? இதைக் கல்லா அணி பேசவே பேசாது. டைபாய்டு காய்ச்சல் விட்டுப் போன பிறகும் சிலர் உடம்பில் அந்தக் கிருமி தங்கியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் அவங்க சட்னி அரைச்சால், நோயையும் சேர்த்துப் பரிமாறுவாங்க. தூக்கம் வர்ற மாத்திரை சாப்பிட்டுட்டு ஆட்டோ ஓட்டினால், பின்னால் உட்கார்ந்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்றது? மெட்ராஸ் ஐ கண்ணோட சலூன் திறந்தால், முடி வெட்ட வந்தவருக்குக் கண்ணும் சிவந்து போகும்! (சிரிப்பு) கல்லாவுக்குக் காசு கொடுக்கிறவரோட உடம்பும் உடம்புதானே?

நாலாவது கேள்வி: மனசு வேலையில் நிக்குதா? எங்க தெருவில் ஒரு பூக்காரம்மா. வீட்டுக்காரர் இறந்து பதினாறு முடிஞ்சதும் 'இனி வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ண' என்று கூடையைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. மூணு நாள் பார்த்தேன். முழம் போடும்போது கணக்கு விட்டுப் போகுது. சில்லறையை மாத்திக் கொடுக்கிறாங்க. அப்புறம் அவங்களே முடிவு பண்ணி, ஒரு மாசம் வரைக்கும் காலையில் மட்டும் உதிரிப்பூ வித்தாங்க. மாலையில் கடை போடலை. சாவு வீட்டுத் துக்கத்துக்குச் சடங்கு ஒரு நாள் குறிக்கும். மனசு வேற நாள் குறிக்கும். நாலாயிரம் ரூபாய் பட்டுத் துணியைக் கை நடுங்காமல் வெட்ட முடியுமா என்று என்னை நானே கேட்டுத்தான் நான் கத்திரிக்கோலை எடுத்தேன். மனசும் உடம்போட சேர்ந்ததுதான். அதனால அதுவும் எங்க அணிதான்! (கைதட்டல்)

நடுவர்: எல்லாம் சரிம்மா. ஆனா கடனுக்குத் தவணை கேட்டு வர்றவர்கிட்ட இந்த நாலு கேள்வியையும் சொன்னா விட்டுடுவாரா?

விடமாட்டாருங்கய்யா! (சிரிப்பு) எதிரணி ஜெயிக்கப் பார்க்கிறதே அந்த இடத்தில்தான். அதுக்கும் பதில் சொல்றேன். கல்லாவைப் பத்தி யோசிக்க வேண்டிய நாள் எது தெரியுமா? திரும்பி வர்ற நாள் இல்லை. படுக்கிறதுக்கு முந்தின நாள். முன்னாடியே யோசிக்காதவங்களைத்தான் கல்லா பாதியில் எழுப்பி விடுது.

குஜராத்தில், அகமதாபாத்தில், 'சேவா' என்று ஒரு சங்கம். சுயதொழில் செய்கிற ஏழைப் பெண்களுக்காக எலா பட் அம்மையார் 1972-இல் ஆரம்பிச்சது. காய்கறி விற்கிறவங்க, பீடி சுற்றுகிறவங்க, துணி தைக்கிறவங்க. 1974-இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு அவங்களுக்கென்று ஒரு வங்கியே தொடங்கினாங்க. நோயும் பிரசவமும் வந்து அவங்க படுத்தால் வருமானம் நிக்கும். வருமானம் நின்னால் கடன் தவணையும் நிக்கும். அதனால 1992-இல் அந்தச் சங்கமே ஒரு காப்பீட்டுத் திட்டமும் கொண்டு வந்தது. நம்மை மாதிரி முதலாளி இல்லாதவங்க, படுக்கப் போற நாளை முன்கூட்டியே கணக்குப் போட்டாங்க!

நம்ம தமிழ்நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 1982-இல் உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்காக ஒரு சட்டம் வந்தது. அதன் கீழே தையல் தொழிலாளர்களுக்கு, ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு, முடி திருத்துகிறவர்களுக்கு என்று தனித்தனி நலவாரியங்கள் வந்தன. பிரசவ உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, அறுபது வயசுக்கு மேல ஓய்வூதியம் எல்லாம் இருக்கு. ஆனா பதிவு பண்ணியிருக்கணும், காலம் முடிஞ்சால் புதுப்பிச்சிருக்கணும். படுத்த பிறகு அலையக் கூடாது. ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதி உதவி இருக்கு. 2018-இல் அதை 18,000 ரூபாயாக உயர்த்தினாங்க. கம்பெனி வேலையில் இருக்கணும் என்ற கட்டாயம் அதில் இல்லை. 2009-இல் இருந்து அரசு மருத்துவக் காப்பீடும் இருக்கு. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். அது ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும். நாம வீட்டில் படுத்திருக்கிற ஆறு வாரத்துக்கு அரிசி வாங்கித் தராது.

அந்த அரிசியை நாமதான் சேர்த்து வைக்கணும். நான் என்ன செய்யறேன் தெரியுமா? பத்து ஜாக்கெட் தைச்சால், அதில் ஒரு ஜாக்கெட் கூலி என்னுடையது இல்லை. படுத்திருக்கப் போற என்னுடையது! (கைதட்டல்) தனி டப்பா, தனிக் கணக்கு. ஆபரேஷனுக்கு முன்னால் அந்த டப்பாவில் நாலு வாரத்துச் சாப்பாட்டுக்கு இருந்துச்சு. குழுத் தலைவியிடம் முன்கூட்டியே சொல்லி ஒரு தவணையைத் தள்ளி வாங்கினேன். படுத்த பிறகு கேட்டால் அது கெஞ்சறது. படுக்கிறதுக்கு முன்னால் கேட்டால் அது ஏற்பாடு.

இன்னொரு ரகசியம். கடையை ஒரே நாளில் முழுசாத் திறக்கணும் என்று யார் சொன்னது? ஷட்டருக்குப் பாதி என்று ஒரு இடம் இருக்கே! ஆறாவது வாரம் டாக்டர் பார்த்து 'சரி' என்றதும், நான் முதல் வாரம் அரை ஷட்டர்தான் தூக்கினேன். காலையில் ரெண்டு மணி நேரம். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, ஊக்கு, காஜா என்று கை வேலை மட்டும். அடுத்த வாரம் கட்டிங். எங்க அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு துணியை இழுத்துப் பிடிச்சாங்க. மூணாவது வாரம்தான் பெடல், அதுவும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்து. தீபாவளி நவம்பர் 12. அந்த வருஷம் வழக்கத்தை விடப் பாதி ஆர்டர்தான் எடுத்தேன். 'ஆர்டர் முடிந்தது' போர்டைப் பத்து நாள் முன்னாடியே மாட்டினேன். ஆனா வாங்கின ஆர்டர் அத்தனையும் சொன்ன தேதிக்குக் கொடுத்தேன். இது சரித்திரத்தில் எழுத வேண்டிய விஷயம்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நியாயமா ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். உடம்பு என்று சொன்னதும், சில பேர் அதையே சாக்கா வச்சு மாசக்கணக்கில் இழுக்கிறதும் உண்டு. உடம்பு கூப்பிடுறதும் ஒரு குரல்தான், அதையும் கேட்கணும். அடுத்தவர் தைச்ச ஜாக்கெட்டைப் பார்த்து 'கழுத்து சரியில்லை, கை தூக்கலா இருக்கு' என்று குறை சொல்லத் தோணுதா? அப்போ உங்களுக்குக் குணமாயிடுச்சு! (பலத்த சிரிப்பு) நாலு கேள்விக்கும் பதில் வந்த பிறகும் ஷட்டர் தூக்கக் கை வரலைன்னா, உள்ளே இருக்கிறது வலி இல்லை, பயம். 'வாடிக்கை வருமா, பழைய மாதிரி செய்வோமா' என்கிற பயம். வலிக்கு மருந்து ஓய்வு. பயத்துக்கு மருந்து அரை ஷட்டர். அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சவங்கதான் திரும்ப வேண்டிய நாளைச் சரியாச் சொல்ல முடியும்.

ஒரு காலத்தில் நம்ம மதுரைப் புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரங்களைப் பார்க்காதவங்க இருக்க மாட்டாங்க. மெஷினில் பெல்ட் அறுந்தா மாத்துவாங்க. பாபின் தேஞ்சா புதுசு வாங்குவாங்க. ஊசி உடைஞ்சா அடுத்த நிமிஷம் வேற ஊசி. எங்க தொழிலில் மாத்த முடியாத ஒரே பாகம் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்தான். அந்த ஒரு பாகத்துக்கு வாரண்டி கிடையாது, கம்பெனி கிடையாது, ஸ்பேர் கிடையாது.

அதனால, முதலாளி இல்லாத என் சகோதர சகோதரிகளே! கல்லாவைக் கேளுங்கள் - படுக்கிறதுக்கு முன்னால். வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள் - தேதியோடு. டாக்டரைக் கேளுங்கள் - தொழிலைச் செய்து காட்டி. ஆனா சர்டிபிகேட்டில் கடைசிக் கையெழுத்துப் போட வேண்டியது உங்க உடம்புதான். அது கையெழுத்துப் போட்ட பிறகு ஷட்டரைத் தூக்குங்கள். முதலில் பாதி, பிறகு முழுசு. திரும்ப வேண்டிய நாளைச் சொல்ல வேண்டியது உடம்பே, உடம்பே!

(நீண்ட கைதட்டல்)